பில் கட்ட முடியாத மாதத்தில் எதைக் கேட்பது?

வருமானம் திடீரென்று குறையும்போது ஒரு வீட்டில் முதலில் தள்ளிப்போவது மின்சாரம், தண்ணீர், எரிவாயு பில்கள்தான். வாடகை தாமதமானால் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். கடன் தவணை தவறினால் அன்று மாலையே போன் வரும். மின் கட்டணத்துக்கு அப்படி யாரும் வந்து நிற்பதில்லை. விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பில் மட்டும் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் துண்டிப்பு அறிவிப்பு வரும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது.

அப்போது பெரும்பாலானோர் கேட்பது ஒன்றே: "கொஞ்சம் டைம் கொடுங்க." நிறுவனமும் பொதுவாக மறுப்பதில்லை. பாக்கியை ஆறாகவோ பன்னிரண்டாகவோ பிரித்துத் தவணை போட்டுக் கொடுக்கும். முதல் தவணை கட்டப்படும். இரண்டாவது தட்டுத் தடுமாறிக் கட்டப்படும். மூன்றாவது நின்றுவிடும். அதன் பிறகு மறுபடி கேட்கப் போனால், "ஏற்கெனவே போட்டுக் கொடுத்தோமே, நீங்கதானே கட்டலை" என்ற பதில் தயாராக இருக்கும். உதவி கேட்டு வந்தவர் இதற்குள் வாக்குத் தவறியவர் ஆகிவிட்டார்.

இதற்கு வீட்டாரின் பொறுப்பின்மையைக் காரணம் சொல்வது வழக்கம். என் பார்வையில் கோளாறு பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. கட்ட முடியாத பில் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று சிக்கல்கள். ஒவ்வொரு மாதமும் வரும் கட்டணமே வருமானத்துக்கு மீறி இருப்பது ஒன்று. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பாக்கி இன்னொன்று. இணைப்பு எந்த நேரமும் போகலாம் என்ற நிலை மூன்றாவது. மூன்றுக்கும் உதவி வேறு, கேட்க வேண்டிய இடம் வேறு, கேட்கும் வாசகமே கூட வேறு. "டைம் கொடுங்க" என்பது மூன்றாவதை மட்டும், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் தள்ளிப்போடும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு குடும்பத்தின் மாத மின் கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. பாக்கி 6,000. வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து எல்லாம் போக இந்த ஒரு பில்லுக்கென்று அவர்களால் ஒதுக்க முடிவது மாதம் 1,100. நிறுவனம் பாக்கியை 6 தவணையாகப் பிரிக்கிறது. நடப்புக் கட்டணம் 1,000, தவணை 1,000, ஆக மாதம் 2,000. கையெழுத்துப் போடும் அன்றே தோற்றுப்போன ஒப்பந்தம் இது. 12 தவணை என்றால் மாதம் 1,500. தாராளமாக 24 தவணை கொடுத்தாலும் 1,250. இன்னும் 150 இடிக்கிறது. 1,100-க்குள் அடங்க வேண்டுமானால் மாதம் 100 வீதம் 60 மாதம் ஆகும். ஐந்து வருடத் தவணைக்கு நிறுவனம் சம்மதிப்பது அபூர்வம்.

இதே குடும்பத்துக்கு முதலில் மாதக் கட்டணத்தில் கால்வாசி சலுகை கிடைத்துவிடுகிறது என்று மாற்றிப் பாருங்கள். கட்டணம் 750 ஆகிறது. மீதி 350 பாக்கிக்குப் போகிறது. 18 மாதத்தில் பாக்கி முடிந்துவிடும், அதிலும் கடைசி மாதம் கட்ட வேண்டியது வெறும் 50. பாக்கியில் 2,000-ஐ ஏதாவது ஒரு உதவி நிதி ஏற்றுக்கொண்டால் 12 மாதம் போதும். குடும்பத்தின் வருமானம் ஒரு காசு கூடவில்லை. கேட்ட வரிசைதான் வேறு: முதலில் கட்டணச் சலுகை, அடுத்து பாக்கிக்கான உதவி, கடைசியில் தவணை.

நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. போன் செய்தால் ஊழியர் முதலில் நீட்டுவது தவணையைத்தான். அதை அவர் யாரையும் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கலாம். சலுகைக்கு வருமானச் சான்று வேண்டும், வேறு பிரிவு பார்க்க வேண்டும், சில இடங்களில் அது நிறுவனத்தின் கையிலேயே இல்லாமல் அரசுத் துறையிடம் இருக்கும். எளிதில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுகிறோம்.

நிறுவனம் ஏன் இறங்கி வரும்?

இப்படிக் கேட்பதைக் கையேந்துவதாக நினைத்துக் கூசுகிறவர்கள் நிறுவனத்தின் பக்கத்துக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். இணைப்பைத் துண்டிக்கவும் பிறகு கொடுக்கவும் செலவு உண்டு. துண்டித்த வீட்டிலிருந்து பாக்கியும் வராது, நடப்புக் கட்டணமும் வராது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டால் மொத்தமும் வாராக்கடன். ஆனால் கம்பிக்கும் குழாய்க்கும் மின்மாற்றிக்கும் ஆகும் செலவு, அந்த ஒரு வீடு இணைப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறையப்போவதில்லை. வசூலாகாத தொகையின் ஒரு பகுதி கடைசியில் மற்ற நுகர்வோரின் கட்டணத்தில்தான் ஏறுகிறது. ஆகவே முக்கால் பங்கை ஒழுங்காகக் கட்டும் குடும்பம், முழுத் தொகைக்கும் பில் வாங்கிக்கொண்டு எதுவும் கட்டாத குடும்பத்தைவிட எல்லோருக்கும் லாபம்.

இந்தக் கணக்கை முழுமையாக எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1983 முதலே, ஏழைக் குடும்பங்கள் பயன்பாட்டின்படி அல்லாமல் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டும் திட்டம் இருக்கிறது. இப்போது அது 5 சதவீதம். உரிய தேதிக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் அந்த மாதப் பில்லின் மீதி தள்ளுபடி ஆவதோடு, பழைய பாக்கியிலும் 24-இல் ஒரு பங்கு கழிகிறது. 24 மாதம் தவறாமல் கட்டியவருக்குப் பழைய பாக்கியே இருக்காது. பாக்கியைத் தண்டனையாக வைத்துக்கொள்ளாமல், ஒழுங்காகக் கட்டுவதற்கான ஊக்கமாக மாற்றியிருக்கிறார்கள். உதவித் திட்டங்களில் இதைவிட நுட்பமாக யோசித்த ஒன்றைச் சொல்வது எனக்குக் கஷ்டம்.

பிலடெல்பியா நகரத் தண்ணீர்த் துறை 2017 ஜூலையில் இதே வழியில் இறங்கியது. அங்கே தகுதியுள்ள குடும்பத்தின் தண்ணீர் பில் வருமானத்தில் 2 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்கும். எவ்வளவு தண்ணீர் செலவானது என்பதைவிட, அந்த வீட்டால் எவ்வளவு கட்ட முடியும் என்பதில் கணக்கு தொடங்குகிறது.

எல்லா நாட்டிலும் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் மாதக் கட்டணத்தைக் குறைக்கும் ஏதாவது ஒரு வழி பல இடங்களில் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் மின்சாரமும் 6 கிலோலிட்டர் தண்ணீரும் இலவசம் என்பது அடிப்படை அளவு. கலிஃபோர்னியாவில் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மின் கட்டணத்தில் 30 முதல் 35 சதவீதம் வரை குறைகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் 150 பவுண்டு மின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அங்கே தண்ணீர் மீட்டர் பொருத்தியிருக்கும் வீடுகளில், அரசு உதவித்தொகை பெறுபவருக்குக் குழந்தைகள் அதிகம் இருந்தாலோ, தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும் நோய் இருந்தாலோ, பில்லுக்கு உச்சவரம்பு உண்டு. பெயர்களும் தொகைகளும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே திட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "எங்க வருமானத்துக்குக் குறைஞ்ச கட்டணம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் போதும்.

இந்தச் சலுகைகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பலவற்றில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். போர்ச்சுகலில் மின்சாரத்துக்கான சமூகக் கட்டணம், அதாவது ஏழைக் குடும்பங்களுக்கான குறைந்த கட்டணம், 2010-களின் தொடக்கத்தில் விண்ணப்பித்துப் பெறுவதாக இருந்தது. பயனடைந்தவர்கள் கொஞ்சம் பேர். 2016-இல் வரித்துறை, சமூகப் பாதுகாப்புத் துறைத் தரவுகளை ஒப்பிட்டுத் தானாகவே கொடுக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. தகுதியானவர்கள் அதற்கு முன்பும் அதே வீடுகளில் அதே வருமானத்தோடுதான் இருந்தார்கள். படிவம்தான் குறுக்கே நின்றது. உங்கள் நாட்டுத் திட்டம் தானாக வருவதா, விண்ணப்பித்து வாங்குவதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதனால்தான். தானாக வரும் என்று நம்பிக் காத்திருந்து ஒரு வருடச் சலுகையைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இங்கே தனித் தொல்லை. இணைப்பு வீட்டு உரிமையாளரின் பெயரில் இருந்தால், வருமானத்தை வைத்துக் கொடுக்கும் சலுகை வாடகைதாரருக்குக் கிடைப்பது சிரமம். பில்லைத் தன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பதே அவர்களுக்கு முதல் வேலை. மாற்றும்போது, குடிவந்த நாளின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு இருந்தவரின் பாக்கி புதிதாக வந்தவர் தலையில் விழுவது எல்லா ஊரிலும் நடக்கிற கதை.

பாக்கி என்னும் தனிக் கணக்கு

பாக்கிக்கான உதவி மூன்று விதமாக வருகிறது: யாராவது ஒருவர் கட்டிவிடுவது, நிறுவனம் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது, கொஞ்ச காலத்துக்கு உறைய வைப்பது.

கட்டிவிடும் வகையில் பெரியது அமெரிக்காவின் குறைந்த வருமான வீட்டு எரிசக்தி உதவித் திட்டம். 1981-இல் தொடங்கியது. மத்திய அரசு ஒவ்வொரு ஆண்டும் பணம் ஒதுக்கும், மாநிலங்கள் தங்கள் விதிப்படி கொடுக்கும், தொகை பெரும்பாலும் நேரே மின் அல்லது எரிவாயு நிறுவனத்துக்குப் போய்விடும். இது உரிமையாக வருவதல்ல. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். தகுதி இருந்தும் கிடைக்காத குடும்பங்களே அதிகம். ஆகவே பருவம் தொடங்கும்போதே விண்ணப்பித்தவர் முந்திக்கொள்கிறார். அதே திட்டத்தின் அவசர உதவிப் பிரிவிலோ பல மாநிலங்கள் துண்டிப்பு அறிவிப்பைக் காட்டச் சொல்கின்றன. ஒரு கதவு சீக்கிரம் வா என்கிறது, இன்னொரு கதவு நிலைமை முற்றட்டும் என்கிறது. வழக்கமான உதவி, அவசர உதவி என இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்பது தெரியாதவருக்கு இது வெறும் அலைக்கழிப்பாகத்தான் படும்.

நிறுவனங்களே நடத்தும் அறக்கட்டளைகளும் உண்டு. பிரிட்டனில் சில மின், எரிவாயு நிறுவனங்களின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைகள் பாக்கியைத் தீர்க்க நிதி கொடுக்கின்றன. பிரான்சில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த வீட்டுவசதிக்கான ஒருமைப்பாட்டு நிதி வாடகைக்கு மட்டுமல்லாமல் மின்சாரம், தண்ணீர் பாக்கிக்கும் கைகொடுக்கிறது. இவை பெரும்பாலும் முழு வரவு செலவுக் கணக்கைக் கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளை ஒரு தடவை நேர்மையாக எழுதி வைத்துவிட்டால் அடுத்தடுத்த எல்லா இடத்திலும் அதையே காட்டலாம்.

உறைய வைப்பதற்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2019 ஜனவரி 1 முதல் அங்கே மின், எரிவாயு விற்பனை நிறுவனங்கள் பாக்கியைத் தீர்க்க இரண்டு ஆண்டு வரை அவகாசம் கொடுத்தாக வேண்டும். நடப்புக் கட்டணத்தையே கட்ட முடியாத வீடாக இருந்தால், குறைந்தது 6 மாதத்துக்குப் பாக்கியை அப்படியே நிறுத்திவைத்து, முடிந்ததைக் கட்டவிட்டு, அதற்குள் அந்த வீட்டின் பயன்பாட்டைக் குறைக்க நிறுவனம் உதவ வேண்டும். மேலே போட்ட சின்னக் கணக்கைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல், கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் கிடைக்கிறது. அந்த நாட்களில் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலான வட்டியையும் அபராதத்தையும் ஏற்ற முடியாது, வசூல் நடவடிக்கையும் எடுக்க முடியாது. ஆனால் நடப்புப் பில்லை அந்த 60 நாளிலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லாம் நின்றுவிட்டது என்று இருந்தால் அவகாசமே ரத்தாகலாம்.

பாக்கியைத் தீர்க்கக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது, செல்போன் செயலியில் உடனடிக் கடன் வாங்குவது ஆகியவை இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. என்னால் இதை ஆதரிக்க முடியவில்லை. மின் நிறுவனத்திடம் இருக்கும் பாக்கிக்கு முன்னறிவிப்பு விதி உண்டு, ஒழுங்குமுறை ஆணையம் உண்டு, பல இடங்களில் தள்ளுபடிக்கும் வாய்ப்பு உண்டு. அதே தொகை அட்டைக் கடனாக மாறியதும் இந்தப் பாதுகாப்பெல்லாம் போய், வட்டி மட்டும் மிஞ்சுகிறது. கட்டண உதவி கொடுக்கும் நிதிகளும் கிரெடிட் கார்டு கடனை அடைக்கப் பொதுவாக முன்வருவதில்லை.

துண்டிக்க முடியாத நாட்கள், துண்டிக்க முடியாத வீடுகள்

துண்டிப்பு அறிவிப்பைப் பார்த்ததும் கைகால் ஓடாது. ஆனால் அந்தத் தாளில் ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கும். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, எழுத்துமூலம் முழுமையாக 15 நாள் அறிவிப்பு கொடுக்காமல் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரியும் இருக்கிறது. பில் தொகை தவறு என்று தகராறு இருந்தால், கேட்ட முழுத் தொகையையோ, முந்தைய 6 மாதச் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. வழக்கமாக ஆயிரத்தில் வரும் பில் ஒரு மாதம் திடீரென்று பத்தாயிரத்தில் வந்து நிற்கும்போது இந்த ஒரு வரி ஒரு வீட்டையே காப்பாற்றும். ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்பதை எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குளிர் நாடுகளில் பருவத் தடை உண்டு. பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பாக்கிக்காக வீட்டு மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்த முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. இந்த மாதங்களில் பாக்கி நிற்பதில்லை, ஏறிக்கொண்டேதான் இருக்கும். வசந்தம் வந்ததும் துண்டிப்புகள் கூடுவது இதனால்தான். தடை இருக்கும் காலம் பேச்சுவார்த்தைக்கான காலம். அது முடிந்த மறுநாள் பேசத் தொடங்குகிறவர் கையில் எதுவும் இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் சில நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பாக்கிக்காக வீட்டுத் தண்ணீரை நிறுத்துவதையே தடை செய்தது. பிரான்சில் 2013-இல் வந்த சட்டமும் அப்படியே. குடிநீர் நிறுவனம் ஒன்று அதை எதிர்த்தபோது 2015 மே மாதம் அரசியலமைப்பு மன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. பாதுகாப்பான தண்ணீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று ஏற்றுக்கொண்டது. நான்கே ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டு, ஐ.நா. நிபுணர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டி வந்தது. தீர்மானமும் குழாயும் இன்னும் எல்லா ஊரிலும் இணைக்கப்படவில்லை.

ஆக்சிஜன் கருவி, வீட்டு டயாலிசிஸ் போல மின்சாரம் நின்றால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் அதைத் தனியாகப் பதிவுசெய்ய முடிகிற நாடுகள் பல. ஆஸ்திரேலியாவில் இப்படிப் பதிவான வீட்டைப் பாக்கிக்காகத் துண்டிக்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் துண்டிப்பு தள்ளிப்போகும். மருத்துவமனையிலிருந்து கருவி வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய பதிவு இது. பாக்கி சேர்ந்த பிறகு செய்ய நினைத்தால் சான்றிதழுக்கு அலைவதற்குள் கெடு முடிந்துவிடும்.

முழுதாக நிறுத்துவதற்கும் முழுதாக விடுவதற்கும் நடுவில் ஒரு வழியைப் பிரான்சின் ஈ.டி.எஃப். நிறுவனம் 2022 ஏப்ரலில் எடுத்தது. கட்டாதவர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தாமல் 1 கிலோவோல்ட் ஆம்பியருக்குக் குறைத்துவிடுவது. விளக்கு எரியும், குளிர்சாதனப் பெட்டி ஓடும், போன் சார்ஜ் ஆகும். ஹீட்டரோ துணி துவைக்கும் இயந்திரமோ ஓடாது. வசதி இல்லைதான். ஆனால் மருந்து கெட்டுப்போகாது, குழந்தை இருட்டில் உட்காராது.

முன்பணம் கட்டும் மீட்டர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாக்கி வைத்த வீடுகளுக்கு இதைத் தீர்வு என்று நிறுவனங்கள் முன்வைக்கின்றன. பணம் போட்டால் ஓடும், தீர்ந்தால் நிற்கும், பாக்கியே சேராது. உண்மைதான். ஆனால் துண்டிப்புக்கான பாதுகாப்புகள் எல்லாம் நிறுவனம் துண்டிப்பதைப் பற்றியவை. முன்பண மீட்டரில் யாரும் துண்டிப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு இருப்புத் தீர்ந்து தானாக நிற்கிறது. அறிவிப்பு இல்லை, பதிவேட்டில் துண்டிப்பு என்றும் ஏறாது. போதாக்குறைக்கு, பழைய பாக்கி இருந்தால் போடுகிற பணத்தில் ஒரு பகுதியை மீட்டர் முதலில் பிடித்துக்கொள்ளும். பிரிட்டனில் நீதிமன்ற ஆணையோடு வீடு புகுந்து இவற்றைப் பொருத்திய விவகாரம் பத்திரிகையில் வெளியாகி, 2023 பிப்ரவரியில் கட்டாயப் பொருத்தல் நிறுத்தப்பட்டது. பிறகு வந்த விதிகள் 2 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளிலும், துணைக்கு ஆளில்லாத 75 வயதைக் கடந்த முதியோர் வீடுகளிலும் அதைத் தடுத்தன. இந்த மீட்டரை ஒப்புக்கொள்ளும் முன், பாக்கிக்காக ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பிடிப்பார்கள், அதைக் குறைக்க முடியுமா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

பில்லே சரிதானா?

உதவி கேட்கும் பரபரப்பில் இதை விட்டுவிடுகிறோம். பில்லை விரித்து, ரீடிங்கின் பக்கத்தில் 'உத்தேசம்', 'சராசரி' போன்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீடு பூட்டியிருந்தது, மீட்டர் கதவு திறக்கவில்லை என்று ரீடிங் எடுக்க வந்தவர் சராசரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பல மாதம் உத்தேசமாகப் போட்டுவிட்டு ஒரே மாதத்தில் வித்தியாசத்தை ஏற்றும்போதுதான் பெரிய பில் வருகிறது. பிரிட்டனில் நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்ட பயன்பாட்டுக்கு 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போய்க் கேட்க முடியாது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கல். ஆறு மாதப் பயன்பாட்டை ஒரே மாதத்தில் ஏற்றினால் மொத்தமும் மேல் படிக்குத் தாவிவிடும். உரிய மாதங்களுக்குப் பிரித்துப் போடச் சொன்னாலே தொகை கணிசமாக இறங்கும்.

அடுத்தது மீட்டர். வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பயன்பாட்டைக் காட்டும் சின்ன விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு, அல்லது வேறு யாரோ உங்கள் கம்பியில் இருக்கிறார்கள். தண்ணீர் மீட்டருக்கும் இதே சோதனைதான்: இரவு படுக்கும் முன் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, யாரும் குழாய் திறக்காமல் காலையில் பார்க்க வேண்டும். ஓசையே இல்லாமல் ஒழுகும் கழிப்பறைத் தொட்டி மாதக் கணக்கில் பில்லை ஏற்றிவிடும். மண்ணுக்குள் ஒழுகிய தண்ணீருக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் பல குடிநீர் நிறுவனங்களில் உண்டு; பழுது பார்த்த ரசீதைக் கேட்பார்கள்.

போனில் என்ன சொல்வது?

"கட்ட முடியலைங்க, கஷ்டமா இருக்கு" என்றால் எதிர்முனையில் இருப்பவருக்குத் திரையில் அழுத்த ஒரு பொத்தான்கூட இருக்காது. அவருக்கு வேண்டியது விவரம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மேடம், என் வேலை போன மாசம் போயிடுச்சு. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. மாசம் 1,100 வரைக்கும் என்னால கட்ட முடியும், அதுக்கு மேல முடியாது. தவணைக்கு முன்னாடி, கட்டணச் சலுகைக்கும் பாக்கிக்கான உதவிக்கும் நான் தகுதியான்னு பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் துண்டிப்பை நிறுத்திவைக்க முடியுமா?" இதில் காரணம் இருக்கிறது, பாதுகாப்புக்குரிய நபர் இருக்கிறார், தொகை இருக்கிறது, கேட்க வேண்டிய மூன்றும் வரிசையாக இருக்கின்றன.

தொகையைச் சொல்வதில் பலர் தடுமாறுகிறார்கள். வெட்கத்தில் முடியாததை ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஊழியர் 1,500 என்று சொல்லும்போது, "பார்க்கலாம்" என்று இழுக்காமல், "கட்ட முடியாததை ஒத்துக்கிட்டு அடுத்த மாசம் தவறவிட நான் விரும்பலை, மேலதிகாரிகிட்ட பேசலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பேசி முடித்ததும் பதிவு எண், பேசியவர் பெயர், ஒப்புக்கொண்ட தொகை, தேதி நான்கையும் எழுதிக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை கையில் இருப்பதைக் கட்டிக்கொண்டே இருப்பது நல்லது. பாதித் தொகையானாலும் கட்டியது கணக்கில் தெரியும். பிறகு குறைதீர்ப்பாளரிடம் போனால் உங்கள் பக்கம் பேசும்.

நிறுவனம் மறுத்துவிட்டால் அத்தோடு முடிந்துவிடாது. பல நாடுகளில் நிறுவனத்துக்கு வெளியே இதற்கென்று கட்டணமில்லாத குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனத்துக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்க வேண்டும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் எரிசக்திக்கென்றே தனிக் குறைதீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். முதலில் நிறுவனத்திடம் முறையாகப் புகார் கொடுத்த எண் இருந்தால்தான் அங்கே கதவு திறக்கும்.

"இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்புக்கு விதி இருக்கிற இடத்தில் அன்றிரவே துண்டிப்பு வராது. அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள்; மீதியை அந்தச் செயலி பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே பாக்கி வைத்துப் பயந்திருப்பவர்தான் இதில் எளிதில் மாட்டுகிறார். பில்லில் அச்சான எண்ணுக்கு மட்டுமே பேச வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகி, சலுகையும் கிடைத்து, தவணையும் ஓடத் தொடங்கிய வீடுகள் அடுத்து வழுக்கும் இடம் புதுப்பித்தல். வருமானத்தை வைத்துக் கொடுக்கும் சலுகைகளில் பலவற்றுக்கு ஆயுள் ஓரிரு ஆண்டுதான். பிறகு சான்றுகளை மறுபடி கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், அல்லது விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போயிருக்கும். அடுத்த மாதம் 750 பழையபடி 1,000 ஆகும், 350 தவணையும் சேர்ந்து 1,350. சலுகை கிடைத்த அன்றே அது முடியும் தேதியைக் கேட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். முகவரி, போன் எண் மாறினால் நிறுவனத்துக்கும் சலுகை கொடுத்த துறைக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை.